பேர்லைட்டா, பியூமிஸா, லாவா கல்லா: மலைநாட்டுத் தொட்டிக்கு எதை வாங்குவது?

போன மாதம் ஒரே கேள்வி இலங்கை மலைநாட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. மழை விடாத மஸ்கெலியாவிலிருந்து ஒரு அக்கா, காய்ந்த காற்று அடிக்கிற வெலிமடையிலிருந்து ஒரு தம்பி. இரண்டு பேரும் ஸ்ட்ரோபெரி வைக்கப்போகிறார்கள், இரண்டு பேரும் வெளிநாட்டு வீடியோ பார்த்து "எரிமலைக் கல்லில் வேர் அழுகாதாம்" என்று பிடித்துக்கொண்டார்கள், கடைக்குப் போனால் அங்கே மூன்று நான்கு பெயர் சொல்கிறார்கள், விலைகளோ ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டவில்லை. எது நல்லது, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார்கள்.

ஒரே வார்த்தையில்தான் சொன்னேன். அக்காவுக்குச் சொன்ன வார்த்தை வேறு, தம்பிக்குச் சொன்னது வேறு. அது எப்படி என்று இரண்டு பேருமே திருப்பிக் கேட்டதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எரிமலைக் கல் என்பது ஒரு கல்லின் பெயர் கிடையாது. கீரிச்சம்பாவும் அரிசிதான், குத்தரிசியும் அரிசிதான், பொங்கல் வைக்க எதை எடுப்பீர்கள்? அதே மாதிரிதான் இதுவும். தண்ணீரில் மிதக்கிற கல்லும் எரிமலைக் கல், எல்லோராவில் கைலாசநாதர் கோயிலைக் குடைந்தெடுத்த கறுப்புப் பாறையும் எரிமலைக் கல். எரிமலையிலிருந்து வந்தது என்பதற்காக ஒன்றுக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. உள்ளே எவ்வளவு துளை, அந்தத் துளை தண்ணீரைப் பிடித்து வைக்கிறதா விடுகிறதா, உங்கள் வீடு மலையின் எந்தப் பக்கம், இவ்வளவுதான் கணக்கு.

## நம்ம மலைக்கல் இதில் சேருமா?

சேராது. சிவனொளிபாதமலையின் கூம்பு வடிவத்தைப் பார்த்து அது அணைந்துபோன எரிமலை என்று நினைப்பவர்கள் உண்டு, திருகோணமலைக் கன்னியா வெந்நீர் ஊற்றைக் காட்டி வாதாடுகிறவர்களும் உண்டு. இரண்டும் எரிமலை வேலை இல்லை. கன்னியாவில் மழைத்தண்ணீர் வெடிப்பு வழியாக நிலத்துக்குள் ஆழமாக இறங்கிச் சூடேறித் திரும்பி வருகிறது. நம் மலை முழுக்க, ஒரு காலத்தில் பூமிக்குள் வெகு ஆழத்தில் புதைந்து, 50 கோடி வருடங்களுக்கும் முன்னால் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய பழங்கல். சார்னொக்கைட், நைஸ், குவார்ட்சைட், ஊடே ஊடே சலவைக்கல் பட்டைகள்.

சார்னொக்கைட் என்ற பெயருக்கு ஒரு கதை இருக்கிறது, சொல்லாமல் போக மனம் வரவில்லை. கல்கத்தாவில் ஜோப் சார்னொக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லை வைத்து, ஹொலண்ட் என்ற நிலவியலாளர் 1893இல் இந்தப் பெயரைச் சூட்டினார். அந்தக் கல்லின் வகை சென்னைப் பரங்கிமலையில் கிடைப்பது. அதாவது நம் முப்பாட்டன்மார் கடல் தாண்டி, காடு தாண்டி இந்த மலைக்கு ஏறி வந்து கடப்பாறையால் இடித்த கல், ஊரில் அவர்கள் பார்த்த அதே கல். இந்தியாவும் இலங்கையும் ஒரே பெருநிலமாக ஒட்டிக்கிடந்த காலத்துச் சொத்து.

சரி, இதனால் நமக்கு என்ன? கடையில் இருக்கிற எரிமலைக் கல் ஒவ்வொன்றும் கப்பலில் வந்தது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தாண்டியபோது இப்படி வருகிற சாமான்கள் என்ன ஆயின என்று நினைவிருக்கும். ஒரு போகத்துக்கு மட்டும் யோசித்து வாங்கினால், அடுத்த போகத்தில் அதே விலைக்கு அது கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

## எதை வைத்து எடை போடுவது

காற்று. முதல் கேள்வி இதுதான். தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகும் வேருக்குக் காற்று மிஞ்சுகிறதா? பாத்திரம் கழுவுகிற ஸ்பொஞ்சை நனைத்து, தட்டையாகப் பிடித்துச் சொட்டு நின்ற பிறகு நிமிர்த்திப் பாருங்கள். மறுபடியும் தண்ணீர் கொட்டும். ஸ்பொஞ்ச் அதேதான், தண்ணீரும் அதேதான், உயரம் மாறியதால் வடிகிறது. தொட்டியிலும் இப்படித்தான். அடியில் ஒரு பட்டை எப்போதும் ஊறியே கிடக்கும். அந்தப் பட்டையின் தடிப்பைத் தொட்டியின் ஆழம் தீர்மானிப்பதில்லை, உள்ளே போட்ட பொருளின் துளை அளவுதான் தீர்மானிக்கிறது. துளை சின்னதாக இருந்தால் பட்டை தடிப்பு, பெரிதாக இருந்தால் மெலிவு. உயரம் குறைந்த பையில் இந்தப் பட்டை பாதிப் பையையே பிடித்துக்கொள்ளும்.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். தொட்டியின் அடியில் சல்லியோ ஓட்டுத் துண்டோ ஒரு அடுக்குப் போட்டால் தண்ணீர் வடியும் என்று நாம் எல்லோரும் செய்கிறோமே, அது வேலை செய்யாது. நுண்ணிய துளையில் இருக்கிற தண்ணீர் பெரிய துளைக்குள் அவ்வளவு சுலபமாக இறங்காது. ஊறின பட்டை அந்தச் சல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், வேருக்கு இன்னும் கிட்டே. கல்லைப் போடுவதானால் முழுக்கக் கலந்து போடுங்கள், அல்லது போடவே வேண்டாம். என் அந்தூரியம் நாலு தொட்டி இப்படித்தான் போனது, பல வருடம் குற்றத்தை விதியின் மேல் போட்டுக்கொண்டிருந்தேன்.

எடை. சமவெளிக்காரர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. நமக்கு லொறி நிற்கிற இடத்திலிருந்து வீட்டு இஸ்தோப்பு வரை எத்தனை படி என்பதிலிருந்து கணக்கு ஆரம்பிக்கும். 10 லீற்றர் பை 100 வைத்தால் மொத்தம் 1000 லீற்றர். அதைப் பேர்லைட்டால் நிரப்பினால் ஏறக்குறைய 100 கிலோ, லாவா கல்லால் நிரப்பினால் ஒரு தொன்னுக்குக் கிட்டே. யார் தூக்குவது?

லீற்றர் விலை. பேர்லைட்டை லீற்றர் கணக்கில் விற்பார்கள், லாவா கல்லைக் கிலோக் கணக்கில். இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லாவா கல் மலிவு மாதிரித் தெரியும். தொட்டி நிரம்புவது லீற்றரில். ஒரு லீற்றர் லாவா கல் கிட்டத்தட்ட ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

ஆயுளும் கழிவும். எத்தனை போகம் தாங்கும், பழசானதை எங்கே கொட்டுவது. இதை வாங்கும்போது யாரும் கேட்பதில்லை.

## பேர்லைட்

வெள்ளையாக, பொரி மாதிரி இருக்குமே, அது. பொரி என்று சொல்வது சும்மா உவமைக்கு இல்லை. எரிமலைக் கண்ணாடி ஒன்று தனக்குள் 2 முதல் 5 வீதம் வரை தண்ணீரைக் கட்டி வைத்திருக்கும். அதை உடைத்து 850, 900 பாகை செல்சியசில் சட்டென்று சுட்டால் உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகிப் புடைத்து, பல மடங்கு ஊதிவிடும். நெல்லுப் பொரிகிற அதே வித்தை. துருக்கி, கிரேக்கம், சீனா பக்கங்களில் தோண்டுகிறார்கள். செடிக்கு மட்டுமில்லை, சாந்தில் கலக்க, பியரும் பழச்சாறும் வடிகட்ட, குளிர்த் திரவ வாயு தாங்கிகளின் சுவருக்குள் அடைக்க என்று பல வேலைக்குப் போகிறது.

நமக்கு இதன் பெரிய பலம் எடை. ஒரு பெரிய மூட்டையைப் பிள்ளைகூடத் தலையில் வைத்துக்கொண்டு படி இறங்கும். பி.எச். (புளிப்பைக் காட்டுகிற அளவு) நடுநிலைக்குக் கிட்டே, உரக் கரைசலோடு சண்டை போடாது. தேங்காய் மட்டைத் தூளான தும்புச்சோறோடு கலந்தால் அதன் இறுக்கத்தைத் தளர்த்திக் காற்று விடும்.

மறைந்திருக்கிற செலவு? முதலாவது, மிதக்கும். திறந்த வெளியில் வைத்த தொட்டியில் வைகாசி மழை நாலு நாள் விடாமல் அடித்தால் வெள்ளையெல்லாம் மேலே வந்து நிற்கும், ஐந்தாம் நாள் கானில் கிடக்கும். எங்கள் வீட்டுக் கான் அடைத்து அடுத்த வீட்டு அடுப்படிக்குத் தண்ணீர் போன கதை உண்டு, அந்த அக்கா இன்னும் முழுசாகச் சிரித்துப் பேசவில்லை. இரண்டாவது, நொறுங்கும். இரண்டு மூன்று வருடத்தில் விரலால் அழுத்தினால் மாவு. அந்த மாவு அடியில் சேர்ந்து வடிகாலை அடைக்கும், காற்றுக்காக வாங்கியதே காற்றை மறிக்கும். மூன்றாவது தூசி. மூட்டையைப் பிரிக்குமுன் கொஞ்சம் தண்ணீர் உள்ளே விட்டு நனைத்துவிடுங்கள், வாயையும் மூக்கையும் கட்டிக்கொள்ளுங்கள், தொய்வு உள்ளவர்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டாம்.

பொலிடனல் (பொலித்தீன் கூடாரம்) இருக்கிறவர்களுக்கும், தொகையாகச் செய்கிறவர்களுக்கும், படி இறங்கித் தூக்க வேண்டியவர்களுக்கும் இதுதான். மழைக்கு நேரே திறந்து வைப்பவர்களுக்கு இது காசைக் கானில் விடுகிற வேலை.

## பியூமிஸ்

தமிழில் நுரைக்கல் என்று சொல்லலாம். சிலிக்கா கூடின பசைபோன்ற குழம்பு வெடித்து வெளியே வரும்போது உள்ளே இருந்த வாயு நுரைத்து, நுரை அடங்குமுன்னே குளிர்ந்து இறுகியது. புளித்த அப்ப மா பொங்கி நிற்கிற நேரத்தில் அப்படியே கல்லானால் எப்படி இருக்கும், அதுதான். பருமனில் பெரும்பகுதி வெறும் துளை, அதனால் மிதக்கும். 1883இல் இந்தோனேசியாவின் கிரக்கட்டோவா எரிமலை வெடித்தபோது கிளம்பிய நுரைக்கல் இந்து சமுத்திரத்தை மிதந்தே கடந்து ஆபிரிக்கக் கரையில் ஒதுங்கியது. லொறிக் கூலி கேட்காமல் கடல் தாண்டிய கல் என்றால் இது ஒன்றுதான். ரோமில் பாந்தியன் கோயிலின் குவிமாடம் 43 மீற்றர் அகலம், கம்பியே இல்லாத கொங்கிறீட், ஏறக்குறைய 1900 வருடமாக நிற்கிறது. அதன் உச்சியில் பாரம் குறைக்க இந்த வகைக் கல்லைத்தான் கலந்தார்கள். கட்டுநாயக்காப் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் இருந்துவிட்டு வந்த தங்கைமாருக்கு "ஸ்டோன் வோஷ்" என்றால் புரியும். ஜீன்சை மங்கலாக்க அதோடு சேர்த்துப் போட்டு உருட்டிய கல் இதுதான். குதிக்கால் தேய்க்கிற கல்லும் இதுதான், கடையில் இருப்பதில் பாதி செயற்கை என்றாலும்.

தொட்டி வேலைக்கு, என் அபிப்பிராயத்தில், இதைவிட நல்ல கல் கிடையாது. துளைக்குள் தண்ணீர் வைத்திருக்கும், கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் காற்று இருக்கும், நொறுங்காது, பேர்லைட் மாதிரிக் கானுக்கு ஓடாது. (மிதக்கிற கல் ஏன் ஓடாது என்று கேட்கலாம். துளை நனைந்து பாரமானதும் பெரும்பாலானது கலவைக்குள்ளேயே நின்றுவிடும். போடுமுன் ஒரு நாள் ஊறவைத்து, மேலே மிதப்பதைத் தனியே எடுத்துவிடுங்கள்.) முள்செடி, ஓர்க்கிட், பொன்சாய் வளர்ப்பவர்கள் இதற்காக அலைவது வீணுக்கு இல்லை.

பிரச்சினை கிடைப்பதுதான். இந்தோனேசியாவின் லொம்பொக் தீவிலிருந்து நிறைய ஏற்றுமதியாகிறது, ஆனால் நம் ஊர்க் கடைக்கு வந்து சேரும்போது சின்னச் சின்னப் பையாக, அலங்காரச் சாமான் விலையில் இருக்கும். பத்து ஓர்க்கிட் என்றால் வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். முன்னூறு பை ஸ்ட்ரோபெரிக்கு வாங்குகிறேன் என்றால் பழம் விற்றுக் கல்லுக்குக் கடன் கட்டுவீர்கள்.

## லாவா கல்

கடைக்காரர் லாவா கல் என்று தருவது பெரும்பாலும் ஸ்கோரியா. பியூமிஸ் மாதிரியே நுரைத்த கல், ஆனால் மூலம் வேறு. இது பசால்ட் (எல்லோராவின் கறுப்புப் பாறை வகை) குழம்பு, இரும்பு கூடினது, இளகலானது, அதனால் குமிழி பெரிது, குமிழியின் சுவர் தடிப்பு, கல் தண்ணீரில் அமிழும். சூடாக இருக்கும்போதே இரும்பு துருவேறினால் சிவப்பு, இல்லாவிட்டால் கறுப்பு. நிறத்துக்காகக் கூட்டிக் கொடுக்க வேண்டாம், செடிக்கு இரண்டும் ஒன்றுதான். ஈஸ்டர் தீவுச் சிலைகளின் தலையில் சிவப்பாக ஒரு கொண்டை இருக்குமே, அது இந்தக் கல். கீழே இருக்கிற சிலை பெரும்பாலும் டஃப் என்ற வேறு எரிமலைக் கல், சாம்பல் இறுகினது.

இது நொறுங்காது, உக்காது, மிதக்காது. ஒரு முறை வாங்கினால் உங்கள் பிள்ளையும் பாவிக்கலாம். போகம் முடிந்ததும் அலசி, கொதிதண்ணீர் ஊற்றி, வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடலாம். மழைப் பக்கத்துக்கு இதுதான் நிம்மதி.

தண்ணீர் பிடிப்பது குறைவு, அதனால் தனியாகப் போட்டால் வெயில் பக்கத்தில் நாளுக்கு இரண்டு மூன்று முறை ஊற்ற வேண்டிவரும். ஓரம் கூர், கையுறை இல்லாமல் கலந்தால் விரல் கிழியும். பாரம், அதை ஏற்கனவே சொல்லிவிட்டேன். அளவு பார்த்து வாங்குங்கள்: மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கிற முட்டை அளவுக் கல் தொட்டிச்செடிக்கு உதவாது, நிலக்கடலை அளவுக்குக் கிட்டே இருக்க வேண்டும். நான் ஒரு கடையில் சிவப்புக் கல் வாங்கிக் கழுவினேன், வாளித் தண்ணீர் மருதாணிக் கரைசல் மாதிரி ஆனது, நாலு முறை கழுவியும் விட்டபாடில்லை. உடைத்துப் பார்த்தால் உள்ளே வேறு நிறம், சாயம் போட்டிருக்கிறார்கள். அதனால் இப்போது ஒரு கல்லைக் கடையிலேயே உடைத்துப் பார்க்கிறேன். நிஜ ஸ்கோரியா என்றால் உள்ளேயும் அதே துளை, பெரும்பாலும் அதே நிறம்தான். வினாகிரி இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் அது முருகைக்கல்.

## பாறைக் கம்பளி

பசால்ட்டை 1500 பாகைக்கு மேல் உருக்கிப் பஞ்சு மிட்டாய் சுற்றுகிற மாதிரிச் சுழற்றி நூலாக்கினால் பாறைக் கம்பளி. வெளிநாட்டுப் பெரிய பசுமைக்கூடங்களில் தக்காளியும் குடமிளகாயும் இதில்தான் நிற்கும். நமக்கு வேண்டாம். முதலில் புளிப்பாக்கின தண்ணீரில் ஊறவைத்துப் பி.எச்.ஐ இறக்க வேண்டும், கரைசலை மீற்றர் வைத்து நாளும் பார்க்க வேண்டும், கரண்ட் இரண்டு நாள் போனால் செடி போச்சு, எல்லாம் முடிந்த பிறகு அந்தக் கட்டியை எங்கே கொட்டுவது? உக்காது, எரியாது. ஆற்றங்கரையில்தான் கிடக்கப்போகிறது.

## எரிமலை இல்லாத இரண்டு போட்டியாளர்கள்

இவற்றைப் பக்கத்தில் வைக்காமல் மேலே உள்ளதை எடை போடக் கூடாது.

தும்புச்சோறு, நம்மில் பலர் சொல்கிற கொகுபத். குருநாகல், சிலாபம் பக்கத்திலிருந்து வருகிறது, கப்பல் ஏறத் தேவையில்லை, 5 கிலோ அமுக்கின கட்டியாக ஓட்டோவில்கூடக் கொண்டுவரலாம், நனைத்தால் பல மடங்கு ஊதும். தண்ணீரைத் தன் எடையைப்போலப் பல மடங்கு பிடிக்கும். இதுவே வெலிமடையில் வரம், மஸ்கெலியாவில் சாபம். கழுவாத தும்புச்சோறில் உப்பு இருக்கும், நல்ல தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும், கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்தால் இன்னும் நல்லது. நம் பீலித் தண்ணீரில் கல்சியம் குறைவு என்பதால் இதைத் தவறவிடாதீர்கள், அல்பர்ட் கரைசல் (மண்ணில்லாச் செடிக்கு ஊற்றுகிற உரக் கரைசல்) மட்டும் ஊற்றினால் போதும் என்று இருந்தால் தும்புச்சோறே முதல் பங்கை விழுங்கிவிடும். மூன்று வருடத்தில் உக்கி இறுகும். உக்கினதைக் கோவாப் பாத்தியில் கொட்டலாம், கழிவே இல்லை.

சல்லிக்கல், அதாவது நம் சார்னொக்கைட்டும் நைஸும் உடைத்தது. மலிவு, பக்கத்திலேயே. ஆனால் கல்லுக்குள் துளையே இல்லை, 1000 லீற்றர் ஒன்றரைத் தொன். அடைசல் கலவையைத் திறக்கக் கால்வாசி கலக்கலாம், அவ்வளவுதான் அதன் உபயோகம். கழுவாமல் போடாதீர்கள், கல் மாவு எல்லாத் துளையையும் அடைக்கும். அந்த மாவைச் சுவாசிக்கவும் கூடாது, அதில் குவார்ட்ஸ் இருக்கிறது.

| பொருள் | 1000 லீற்றரின் உலர் எடை (உத்தேசம்) | தண்ணீர் பிடிப்பு | திறந்த மழையில் | பாவனை |
|---|---|---|---|---|
| பேர்லைட் | 100 கிலோ | நடுத்தரம் | மிதந்து போகும் | 2–4 வருடம் |
| பியூமிஸ் | 500–700 கிலோ | நல்லது | தாங்கும் | பல வருடம் |
| லாவா கல் | 800–1000 கிலோ | குறைவு | மிக நன்றாகத் தாங்கும் | முடிவே இல்லை |
| பாறைக் கம்பளி | 100 கிலோவுக்குள் | மிக அதிகம் | வேண்டாம் | 1–2 வருடம் |
| தும்புச்சோறு | 100 கிலோவுக்குக் கிட்டே | மிக அதிகம் | ஊறிக் கிடக்கும் | 3 வருடமளவில் |
| சல்லிக்கல் | 1500 கிலோ | இல்லை என்றே சொல்லலாம் | தாங்கும் | முடிவே இல்லை |

## வாங்குமுன் ஒரு டின் சோதனை

கடைக்காரரையும் நம்ப வேண்டாம், என்னையும் நம்ப வேண்டாம். நீங்கள் வைக்கப்போகிற பையின் உயரத்துக்கே ஒரு டின் எடுங்கள் (உயரம் மாறினால் விடையும் மாறும், ஸ்பொஞ்ச் நினைவிருக்கிறதா). அடியில் நாலு ஓட்டை போட்டு டேப்பால் மூடுங்கள். டின் எத்தனை மில்லிலீற்றர் கொள்ளும் என்று தண்ணீர் விட்டு அளந்து, அதை ஊற்றிவிட்டு, ஈரமாக்கின கலவையால் நிரப்புங்கள். இப்போது மெதுவாகத் தண்ணீர் விட்டு மேல்மட்டம் பளபளக்கும்வரை நிரப்பி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, தேவையானால் இன்னும் விட்டு, டேப்பைக் கழற்றி வடிகிற தண்ணீரை ஒரு பாத்திரத்தில் பிடியுங்கள். 1000 மில்லிலீற்றர் டின்னில் 200 வடிந்தால் காற்று இடம் 20 வீதம்.

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை மாதிரி தென்மேல் பருவமழை நேரே முட்டுகிற பக்கத்தில், கூரை இல்லாமல் வைப்பதானால் 20 வீதத்துக்குக் கீழே இருக்கிற கலவையில் நான் செடி வைக்க மாட்டேன். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை வெயிலும் இல்லை, காற்றில் ஈரமும் குறையாது, ஊற்றினது காயாது. வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்தில் அதே மாதங்களில் மழை மறைந்துவிடும், காய்ந்த காற்றுத்தான் அடிக்கும். அங்கே 12, 15 வீதம் போதும், தண்ணீர் நிற்பதுதான் முக்கியம். அவர்களுக்கு மழை ஐப்பசிக்குப் பிறகு.

இப்போது விடை புரிந்திருக்கும். மஸ்கெலியா அக்காவிடம் 40 பை, திறந்த முற்றம், ரோட்டிலிருந்து கிட்டத்தான் வீடு. பை ஒன்றுக்கு 8 லீற்றர் என்றால் 320 லீற்றர். பாதி தும்புச்சோறு, பாதி சின்ன லாவா கல் என்றேன். கல் 150 கிலோவளவு, மூன்று உர மூட்டைப் பாரம், ஒரு முறை தூக்கினால் சரி. தம்பிக்கு 300 பை, பொலிடனல், சொட்டுநீர்க் குழாய். தும்புச்சோறு ஏழு பங்கு, பேர்லைட் மூன்று பங்கு. அவர் லாவா கல்தான் வாங்குவேன் என்று நின்றார், பார்க்க அழகாக இருக்கிறதாம். தண்ணீர் மோட்டர் பில்லை முதலில் பார் தம்பி என்றேன்.

## தொட்டி இல்லாத வேறு கேள்விகள்

பசால்ட் தூளைத் தேயிலைக்குப் போடலாமா? "எரிமலை மண் வளமானது" என்ற வாக்கியத்தை வைத்து விற்கிறார்கள். ஜாவாவில் அது சரி. பசால்ட்டில் கல்சியம், மக்னீசியம், இரும்பு எல்லாம் உண்டு, மெல்ல மெல்லத்தான் விடும், விடும்போது மண்ணின் புளிப்பைக் குறைக்கும். தேயிலைக்குப் புளிப்பு மண்தான் வேண்டும், பி.எச். 4.5க்கும் 5.5க்கும் இடையில். அதற்கும் கீழே போனால்தான் ஏற்ற வேண்டும், அதற்கு நம்மிடமே டொலமைட் இருக்கிறது, கண்டி மாத்தளைப் பக்கத்துச் சலவைக்கல் பட்டையிலிருந்து வருவது. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925லிருந்து இந்த மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவர்கள் சொல்வதும் மண்ணைச் சோதித்து டொலமைட் போடத்தான். மரக்கறிப் பாத்திக்குப் பசால்ட் தூள் கெடுதல் செய்யாது, ஆனால் கப்பலேறி வந்த தூளுக்குக் கொடுக்கிற காசுக்கு மாட்டெரு வாங்கினால் கரட் சந்தோஷப்படும்.

இறைச்சி சுடுகிற அடுப்புக்கு லாவா கல்? சூட்டைப் பிடித்துப் பரப்பும், சரிதான். ஆனால் நனைந்த கல்லை நெருப்பில் போடாதீர்கள், உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகிக் கல் வெடிக்கும். தொட்டியில் கிடந்த கல்லை அடுப்புக்கு மாற்றவே வேண்டாம்.

எரிமலைக் கல் உரல், அம்மி? இது எனக்குப் பிடித்த கேள்வி. நம் வீட்டு அம்மி கருங்கல், அடர்த்தி, துளையில்லாதது. அரைக்க அரைக்க வழுவழுப்பாகி மிளகாய் வழுக்கும், அப்போது அம்மி கொத்துகிறவரைத் தேட வேண்டும், இப்போது அவர் எங்கே? இந்தோனேசியாவின் சோபெக், மெக்சிக்கோவின் மொல்கஹேத்தே இரண்டும் துளையுள்ள எரிமலைக் கல். மேல்மட்டம் தேய்ந்தால் அடுத்த துளை திறக்கும், கொத்தவே தேவையில்லை. அந்த வசதிக்கு விலை என்னவென்றால் துளைக்குள் மஞ்சளும் பூண்டும் புகுந்துகொள்ளும், காலையில் தேங்காய்ச் சம்பல் அரைத்தால் நேற்றைய கருவாடு மணக்கும். முதல் பல முறை கல் மணலும் விடும். ஊறவைக்காத அரிசியைப் போட்டு அரைத்துக்கொண்டே இருங்கள், மாவு சாம்பல் நிறம் மாறி வெள்ளையாக வந்த பிறகுதான் சமையலுக்கு எடுக்க வேண்டும். எத்தனை முறை அரைத்தாலும் சாம்பல் நிறமே வந்தால் அது சீமெந்தில் வார்த்தது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் அம்மாயியின் அம்மி இன்னும் பின்வாசலில் கிடக்கிறது. குழவி உடைந்துவிட்டது, ஆற்றில் பொறுக்கிய உருண்டைக் கல்லை வைத்து அம்மா ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறார். அதற்குப் பதில் ஒரு சோபெக் வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். அதில் குந்தி இருந்து வெற்றிலை போட முடியுமா என்று கேட்டார்.